கிளி கேட்ட கேள்வி

அன்புள்ள அம்மாவுக்கு, வித்யா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உன் முட்டிவலி குறைந்ததா?

குழந்தைகள் திரையில் வண்ணக் கட்டங்களைப் பொருத்தியே புரோகிராம் செய்யும் ஆப் ஒன்றை இங்கே ஆபீஸில் உருவாக்குகிறோம். சோதித்துப் பார்க்க ஒரு கிளியை வரைந்து, உன்னைப் போலவே "சாப்ட்டியாடி?" என்று கேட்கவைத்து, 'எப்போதும் செய்' கட்டத்துக்குள் போட்டேன். எடுக்க மறந்துவிட்டேன். நேற்று மீட்டிங்கில் எல்லோரையும் அது விடாமல் கேட்டது. மேனேஜர் மமதா சிரித்தார். "எடுக்காதீங்க வித்யா. கன்னடத்துலயும் 'ஊட்டா ஆய்த்தா'ன்னு கேக்கட்டும்."

பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது, அனுப்பு. ஆபீஸ் கேப் வந்துவிட்டது. இன்னொன்று: அந்தக் கேள்வியை உன் குரலில் பதிந்து வாட்ஸப்பில் அனுப்பு. கிளி இப்போது என் குரலில்தான் கேட்கிறது. உன் குரலில் கேட்டால் எழுந்து சாப்பிடப் போவேன்.

வித்யா