சாவியக்கா

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். அவருக்கு முழங்கால் வலிதான் படுத்துகிறது. இனி சொல்லப்போவது போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால்தான் கடிதம்.

நம் குடும்பத்தில் யாருக்காவது மனசு சரியில்லாமல் போயிருக்கிறதா என்று உன் டாக்டர் கேட்டதாகச் சொன்னாய். "நம்ம பக்கம் யாருக்கும் இல்லடி" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். பிறகுதான் என் அத்தையின் நினைவு வந்தது. என் அப்பாவின் தங்கை. பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள் என்பார்கள். என்ன காய்ச்சல் என்று கேட்டால் உடனே எல்லாருக்கும் ஏதாவது வேலை வந்துவிடும்.

தையல் கடையை அரை நாள் மூடிவிட்டு நகராட்சி அலுவலகம் போனேன். குமாஸ்தா அத்தை செத்ததாகச் சொன்ன காலத்து ஐந்து வருட இறப்புப் பதிவேட்டையும் புரட்டிவிட்டு, "இந்தப் பேர்ல யாரும் சாகவே இல்லையேம்மா" என்றார். நேராக அத்தையின் மூத்த அண்ணனிடம், என் பெரியப்பாவிடம் போனேன். முதலில் எரிந்து விழுந்தார். பிறகு தரையைப் பார்த்தபடி, "மனநல ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்தோம்மா. திரும்பிப் போகல" என்றார்.

அந்த ஆஸ்பத்திரிக்கு நாலு நடை நடந்தேன். பழைய கோப்பு கிடைத்தது. அத்தை வாரக்கணக்கில் தூங்காமல் இருந்திருக்கிறாள். சாகப்போகிறேன் என்று இரண்டு முறை வீட்டை விட்டு ஓடியிருக்கிறாள். சேர்த்த எட்டாம் மாதம், 'குணமாகிவிட்டார், வீட்டுக்கு அனுப்பலாம்' என்று எழுதியிருக்கிறது. வீட்டுக்கு மூன்று கடிதம் போட்டிருக்கிறார்கள். யாரும் வரவில்லை.

அப்புறம் என்ன செய்தாள் தெரியுமா? அங்கேயே துணி துவைக்கும் வேலை கேட்டு வாங்கியிருக்கிறாள். பிறகு படித்து நர்ஸாகியிருக்கிறாள்! அவளுக்குக் கீழே வேலை பார்த்த நர்ஸ் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறார். அத்தையைப் பற்றிக் கேட்டதும், "நம்ம சாவியக்காவா!" என்று எழுந்தே நின்றுவிட்டார். பகலில் வார்டைப் பூட்டக்கூடாது என்று பெரிய டாக்டரிடமே சண்டை போட்டு, சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டவளாம். "யாராவது ஓடினா என் வேலையப் பறிச்சுக்கோங்கன்னு சொன்னாங்க. ஒருத்திகூட ஓடலம்மா" என்றார்.

நடுவில் இரண்டு முறை அத்தைக்கு அந்த நோய் மறுபடி வந்திருக்கிறது. அதே வார்டில் படுத்து, மருந்து சாப்பிட்டு, எழுந்து அதே வார்டில் வேலைக்குப் போயிருக்கிறாள். அவள் இறந்து எட்டு வருடமாகிறது. அவளிடம் குணமாகிப் போனவர்கள் நூறு பேருக்கு மேல் வந்து தூக்கிப் போனார்களாம். எனக்கு அழுகையும் வந்தது, நெஞ்சும் நிமிர்ந்தது.

டாக்டரிடம் சொல், எங்கள் குடும்பத்தில் ஒருத்தி இருந்தாள் என்று. கூச்சப்படாமல் சொல்.

வெள்ளிக்கிழமை வண்டிக்கு அப்பாவும் நானும் புறப்படுகிறோம். எங்களுக்காக அறையைக் கூட்ட வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். படுத்தே இரு. நீ நன்றாக இருப்பாய் கண்ணம்மா. நன்றாக இல்லாத நாளிலும் நீ எங்கள் பிள்ளைதான். நாங்கள் வருவோம்.

உன்
அம்மா