அம்மன் புடவையும் நீ கொடுத்த வாக்கும்

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. என் பாப்பா இப்போதுதான் கண்ணயர்ந்தாள். அவள் சட்டையில் கஞ்சி வாசனை, அலசியும் போகவில்லை. நெசவாளர் தெருவில் கஞ்சி தடவி நீளமாக இழுத்துக் கட்டியிருந்த பட்டு இழைப் பாவில், கஞ்சி காயும் முன்பே கையை வைத்துவிட்டாள். இழை அறுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அறுந்துவிடவில்லை. இன்றைக்கு எதுவுமே அறுந்துவிடவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

எம்.ஏ. ஆய்வுக்காக நாம் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் தெருக்களில் வீடு வீடாகப் போன வருடம் நினைவிருக்கிறதா? நீ கூரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவாய். "வீட்டில் யார் யார் நெய்கிறீர்கள்?" என்று நான் கேட்பேன். "அவருதாம்மா. நான் சும்மாதான் இருக்கேன்" என்பார்கள் பெண்கள், கையில் நூலைச் சுற்றிக்கொண்டே. நான் அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். நீ உட்கார்ந்துவிடுவாய். நூல் சுற்றித் தருகிறேன் என்று சிக்காக்கித் திட்டு வாங்குவாய்.

அப்படி உட்கார்ந்த ஒரு வீட்டில்தான் அந்த அம்மா உன்னிடம் சொன்னார். அம்மனுக்கு நேர்ந்துகொண்ட புடவை தறியில் இருந்தபோது கணவருக்குக் கை வீங்கிவிட்டது. கோயில் புடவைக்குப் பெண்கள் தறிக்குழியில் இறங்கி நெய்வது அந்தத் தெருவில் வழக்கமில்லை. இந்த அம்மா கதவைச் சாத்திக்கொண்டு இறங்கி, முந்தானை வரை நெய்து முடித்தார். ஊர் கணவரின் கையைக் கொண்டாடியது.

"எழுதிடாதம்மா, அவருக்குத் தலைகுனிவு" என்றார். "எழுதமாட்டோம்மா" என்றாய். வெளியே வந்ததும் நான் சண்டை போட்டேன், நம் ஆய்வுக்கு உயிரே அதுதானே என்று. "உயிர் அவங்களுதுடி. நமக்கு மார்க்குதான்" என்றாய். அடுத்த வருடமே, உனக்குக் கல்யாணமான சில மாதங்களில், மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது ஒரு தொகுப்புக்கு நம் ஆய்விலிருந்து கட்டுரை கேட்டிருக்கிறார்கள். நெசவாளர் என்றால் யார் என்ற கேள்விக்கு அந்தப் புடவையை விட்டால் என்னிடம் பதில் இல்லை. பெயர் போடாமல் எழுதிப் பார்த்தேன். பெயர் எதற்கு, அந்தத் தெருவில் அம்மனுக்கு நெய்த வீடு அது ஒன்றுதான். வாக்குக் கொடுத்த நீயும் இல்லை. பாப்பாவுக்குச் சோறு ஊட்டும்போதுகூட அதே நினைப்பு. கடைசியில் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்று காலை அந்த அம்மாவிடமே போனேன்.

"நூலைச் சிக்காக்கிக்கினு ஒரு பொண்ணு கூட வருமே, எங்கேம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன். வெகுநேரம் பாப்பாவின் கஞ்சிக் கையைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, வந்த விஷயத்தைச் சொன்னேன்.

தறிக்குழியிலிருந்து கணவர் எட்டிப் பார்த்தார். "இன்னாத்துக்குமா குசுகுசுன்னு? அதை நானே என் மச்சான் கல்யாணத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். என் கையையே புகழ்ந்துக்கினு இருந்தானுங்க, எனக்குச் சோறு இறங்கல."

"சொல்லிட்டு வந்து நிக்கறாரு. ஒரு வாரம் நான் பேசல" என்றார் அந்த அம்மா.

"தெருவில் ஒன்றும் சொல்லவில்லையா?"

"இன்னா சொல்வாங்க? இப்பல்லாம் முந்தானை சரியா வரலன்னா என்னியத்தான் கூப்பிடுறாங்க."

பாப்பாவை இறக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கிளம்பும்போது சொன்னார்: "எழுதிக்கோம்மா, என் பேரையும் போடு. ஆனா இவரு சொன்னப்போ தெருவே வாயப் பொளந்துச்சு. அப்பதான் தெரிஞ்சிக்கினேன், அந்தப் பொண்ணு யார்கிட்டயும் மூச்சு விடலன்னு. அதையும் சேர்த்து எழுது."

கட்டுரையை அதிலிருந்தே தொடங்கியிருக்கிறேன். இனி எந்த வீட்டுக்குப் போனாலும் உன்னைப் போல உட்காரத்தான் போகிறேன், நூல் சிக்கினால் சிக்கட்டும். உன் பெயரை எந்த இனிஷியலோடு போடுவது, கல்யாணத்துக்கு முந்தியதா பிந்தியதா என்று மட்டும் தெரியவில்லை. சீக்கிரம் பதில் போடு.