என் நெஞ்சு நடிக்கவில்லை

அன்புள்ள அப்பாவுக்கு, ஓசூரிலிருந்து எழில்மதியின் வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

போன வாரம் கம்பெனியில் சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் திட்டியபோது, நெஞ்சு படபடத்து மயங்கி விழுந்தேன். கண் விழித்து நெஞ்சு வலிக்கிறது என்றதற்கு அவர், "இந்த வயசுல இன்னா நெஞ்சுவலி? நடிக்கிறியா?" என்றார். டாக்டரோ, "மாரடைப்பு இல்லம்மா. மன அழுத்தத்துல இதயத் தசை தளர்ந்து, துடிப்பு தாறுமாறாயிடுச்சு. மாத்திரையில தேறிடும்" என்றார்.

இன்று வேலைக்குத் திரும்பியதும் அவர் எதிரே போய் நின்றேன். "வேலை செய்யறேங்க. இனிமே என்னைத் திட்டிக்கினு நிக்காதீங்க." எனக்காகப் பக்கத்துப் பெண்கள் யாரும் வேலையைத் தொடவில்லை. அவர்தான் நகர்ந்து போனார்.

ஊருக்கு வரச் சொல்லாதீர்கள், வர மாட்டேன். கொஞ்சம் சாமை அரிசி அனுப்புங்கள். ஞாயிறன்று சும்மாவாவது போன் பண்ணுங்கள்.

விடுதிக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. அம்மாவிடம் மயங்கியதைச் சொல்ல வேண்டாம். எதிர்த்துப் பேசியதை மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
எழில்மதி