கழுவாத சுவர்

அக்கா,

இன்று தோட்டத் தொழிலாளர் லயத்தில் அஞ்சலையின் வீட்டுக்குள் நுழைந்ததும் சேற்று நாற்றம் மூக்கில் அடித்தது. வெள்ளம் வடிந்து ஒரு வாரத்துக்கு மேலாகிவிட்டது. சுவரில் இடுப்புயரத்துக்குச் சேறு காய்ந்து கிடக்க, அவர் அதன் கீழே சும்மா உட்கார்ந்திருந்தார். உடனே உங்கள் நினைவுதான் வந்தது.

கோலசிலாங்கூர் ஆற்றோரத் தோட்டங்களில் நாம் இருவரும் நிவாரணக் கணக்குக்காக வீடு வீடாகப் போய், வெள்ளத்தில் என்னென்ன போயிற்று என்று கேட்டு எழுதிய காலத்தில் எந்த வீடும் இப்படி இருந்ததில்லை. ஆள் வரப்போகிறார்கள் என்று தெரிந்தால் போதும், கழுவித் துடைத்து, கோயிலிலிருந்து நாற்காலி வாங்கி வந்து போட்டு, மைலோவும் கலக்கி வைத்துவிடுவார்கள். கேட்டால், "பரவால்ல லா, சாமான்தானே" என்பார்கள். எடுத்த படத்தில் வீடு பளிச்சென்று இருக்கும். சேதம் பெரிதில்லை என்று மேலே முடிவாகிவிடும்.

"பொண்ணு பாக்கவா வந்திருக்கோம்? கழுவாம வைங்க" என்று தலையில் அடித்துக்கொள்வீர்கள். அப்புறம் பேனாவை மூடிவிட்டு, மத்தியானம் என்ன குழம்பு என்று விசாரிப்பீர்கள். அடுப்பு போனதும் அரிசி நனைந்ததும் அப்போதுதான் வெளியே வரும். அஞ்சலையும் அப்படித்தான் உங்களிடம் அழுதார். மேட்டில் ஒரு வீடு கிடைத்தால் போதும், மழை பெய்தாலும் பிள்ளைகளோடு நிம்மதியாகத் தூங்குவேன் என்றார். எழுதி அனுப்பினோம். அடுத்த வெள்ளத்திலும் அதையேதான் எழுதினோம்.

இன்று நானும் குழம்பிலிருந்துதான் ஆரம்பித்தேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அக்கா சொன்னபடி சுவரைக் கழுவாமல் வைத்திருக்கிறீர்களே என்றேன்.

"அதுக்காக இல்ல லா. கழுவி என்னா ஆவப்போவுது? மறுபடி தண்ணி வரும், மறுபடி நீங்க வந்து கேப்பீங்க."

பேனாவை மூடினேன். அந்த அக்கா எங்கே என்று அவரே கேட்டார். போன வருடம் நோயில் தவறிவிட்டீர்கள் என்றேன். தன் வீட்டுக்காக அழாதவர் உங்களுக்காக அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இனிமே யாருகிட்ட சொல்றது?" என்றார்.

எதிரில் நான்தான் உட்கார்ந்திருந்தேன், அக்கா.

கேட்கும் விதத்தை உங்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன். அதை வைத்துக்கொண்டு நாளைக்கும் அடுத்த லயத்துக்குப் போவேன். ஆனால் என்னிடம் சொல்லுங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.