மார்த்தாள் வேஷம் கேட்டுப் போனேன், ரூபிக்கா

பாட ஆரம்பிக்கும் முன்னால் இரண்டு தடவை தொண்டையைச் செருமிக்கொள்ளும் என் ரூபிக்காவுக்கு,

போன சனிக்கிழமை திண்டிவனம் வந்திருந்தேன். உன் வீட்டுப் பக்கம் வரவில்லை. மேம்பாலத்துக்குக் கீழே இறங்கி, நம் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற ஹாலுக்கு நேராகப் போய்விட்டேன். அங்கே நடந்ததை அம்மாவிடம் பாதிதான் சொன்னேன். மீதியைச் சொல்ல எனக்கு உன்னைத் தவிர ஆள் இல்லை.

நீ போன பிறகு ஊரில் ஒரு நாடகக் குழு தொடங்கியிருக்கிறார்கள். சர்ச் ஆட்கள் மட்டும் இல்லை. பள்ளிக்கூட வாத்தியார்கள், மின்வாரியத்து லைன்மேன், கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிற முனுசாமி என்று ஒரு கலவையான கூட்டம். ட்ரில் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆன ஜெபராஜ் சார்தான் எல்லாவற்றுக்கும் தலை. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒரு பாட்டு நாடகம் போடப்போகிறார்களாம். வசனம் கொஞ்சம்தான், மற்றதெல்லாம் பாட்டு. பெத்தானியா ஊரில் இருந்த அந்த வீட்டின் கதை. மார்த்தாள், மரியாள், அவர்களுடைய சகோதரன் லாசரு.

உனக்குத் தெரியாத கதை இல்லை. லாசரு சாகக் கிடக்கும்போது இயேசுவுக்கு ஆள் அனுப்புகிறார்கள். அவர் வருவதற்குள் அடக்கம் பண்ணி நாலு நாள் ஆகிவிடுகிறது. மரியாள் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிடுகிறாள். மார்த்தாள் மட்டும் எழுந்து, ஊருக்கு வெளியே வரைக்கும் போய் அவரை மறித்து, நீர் இங்கே இருந்திருந்தால் இவன் செத்திருக்கமாட்டானே என்கிறாள். நாடகத்தில் அதற்கு ஒரு முழுப் பாட்டு இருக்கிறது. அதற்குப் பிறகுதான் அவர் கல்லறையைத் திறக்கச் சொல்லி, சுற்றின துணியோடு லாசருவை உயிரோடு எழுப்புகிறார்.

குரல் தேர்வுக்கு வரச்சொல்லி வாட்ஸப்பில் வந்த செய்தியைக் கடையில்தான் பார்த்தேன். விழுப்புரத்தில் அதே கண்ணாடிக் கடை, அதே ஸ்டூல், அதே எழுத்துப் பலகை. ஃபிசிக்ஸ் படிச்சவ, ஜனங்களை ஒத்தக் கண்ண மூடச் சொல்லிக்கினு இருக்கா என்று நீ சிரிப்பாயே, அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன். செய்தியில் வயது ஒரு தடையில்லை என்று போட்டிருந்தது. நாற்பத்து நாலு வயதில் எனக்கு அந்த வேஷம் வேண்டும் என்று தோன்றியது. எதையும் அவ்வளவு வேண்டும் என்று நான் நினைத்து ரொம்ப நாளாகிறது.

ஏன் வேண்டும் என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நீ போன அன்றைக்குப் பகல் மூன்றரை மணிக்கு நான் ஒரு பெரியவரின் காதுக்குப் பின்னால் ஃப்ரேமைச் சரிசெய்துகொண்டிருந்தேன். போன் டிராயருக்குள் சைலன்ட்டில் கிடந்தது. அவரை அனுப்பிவிட்டு, டீ குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத்தான் எடுத்துப் பார்த்தேன். மூன்று அழைப்பு, மூன்றும் நீ. திரும்பக் கூப்பிட்டபோது எடுத்தது உன் எதிர்வீட்டு அம்மா. மாரடைப்பு என்றார்கள். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் ஒரு மணி நேரம்கூட இல்லை. ஆனால் நான் வந்து சேர்ந்தபோது உனக்குத் தலைவாரி முடித்திருந்தார்கள்.

உன் வீட்டுக்காரர், மாமாவுக்கு ஒரு தடவைதான் போன் அடித்திருக்கிறாய். எனக்கு மூன்று தடவை. ஏன் அக்கா? என்ன சொல்ல இருந்தது?

உன் போனை மாமா பார்த்திருப்பார். மூன்று அழைப்பும் அதில் இருந்திருக்கும். இதுநாள் வரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அம்மாவும் கேட்டதில்லை. ஏன் எடுக்கவில்லை என்று யாராவது ஒருத்தர் சட்டையைப் பிடித்துக் கேட்டுவிட்டால் தேவலை. யாரும் கேட்காததால்தான், மேடையில் ஏறி நானே அந்தக் கேள்வியைக் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். மார்த்தாள் கடவுளைப் பார்த்துக் கேட்கிறாள். என் வாயிலிருந்து வரும்போது அது யாருக்கான கேள்வி என்று எனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

தேர்வுக்கு ஏதாவது ஒரு பாட்டைத் தயார் செய்துகொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். மாலை ஆராதனை முடிவில் நாம் பாடுவோமே, அதை எடுத்தேன். நம் வாயில் அதிகம் புழங்கிய பாட்டு அதுதான்.

சர்ச் குயரில் நிற்காதவர்களுக்கு இது புரியாது. அந்தப் பாட்டின் ராகம், ஊருக்கே தெரிந்த அந்த ராகம், உன் வாயில் இருக்கும். நான் ஆல்டோ. உனக்குக் கீழே, நாலைந்து ஸ்வரங்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டு, உன் ராகத்துக்கு அண்டை கொடுக்கிற குரல். பன்னிரண்டு வயதில் என்னை உன் பக்கத்தில் நிறுத்தினார்கள். எனக்குக் கல்யாணம் ஆகி, அது முறிந்து, அம்மாவோடு விழுப்புரத்தில் குடியேறிய பிறகும் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து அதே இடத்தில் நின்றேன். நான் தொடங்க வேண்டிய இடம் வரும்போது நீ என் மணிக்கட்டை ஒரு விரலால் அழுத்துவாய். முப்பது வருஷம் அந்த விரலைப் பார்த்துத்தான் வாயைத் திறந்திருக்கிறேன்.

பத்து நாள் சமையலறையில் பாடிப் பழகினேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே முகத்தைச் சுளித்தாள்.

"என்னாடி அது, காலையிலேர்ந்து முணுமுணுத்துக்கினே இருக்க?"

"பாட்டும்மா. உனக்குத் தெரிஞ்ச பாட்டுதான்."

"பாட்டா? தலையும் இல்ல, வாலும் இல்ல. வயித்து வலிக்காரி மொனவுற மாதிரி இருக்குது."

"உனக்குக் காது போயிடுச்சி."

"போனா நல்லதுதான். இதக் கேக்க வேணாம் பாரு."

நான் சிரித்தேன். என் காதில் பாட்டு முழுசாக, அழகாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

ஹாலில் இருபது பேர் இருந்தார்கள். முதல் ஆளாக லாசருவைப் பிடித்துப் போட்டிருந்தார்கள். லைன்மேன். ஒரு பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு எல்லாரிடமும் அளந்துகொண்டிருந்தார். "பாட்டும் இல்ல, பேச்சும் இல்ல, கட்டின துணியோட எழுந்து வந்தா போதும்னாங்க. அதான் ஒத்துக்கினேன். இந்த வெயில்ல துணியச் சுத்திக்கினு படுத்தா நெஜமாவே பூடுவேன் போல இருக்குது." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எழுந்து வருவது அவ்வளவு சுலபமான வேஷமாக இருந்தது அங்கே.

"ரூபி டீச்சர் தங்கச்சியா நீங்க?" என்றார் ஜெபராஜ் சார். "அப்ப பாட்டு கேக்கவே வேணாமே. சும்மா பேருக்கு ஒண்ணு பாடிடுங்கம்மா."

நானும் அப்படித்தான் நம்பினேன்.

முனுசாமி கீபோர்டில் கை வைத்தார். "நீங்க எடுங்கம்மா, நான் புடிச்சிக்கறேன்." எடுத்தேன். அவர் ஒரு கட்டையை அழுத்தினார், விட்டார். வேறொன்றை அழுத்தினார். தலையைச் சாய்த்து என் வாயையே பார்த்தார். இரண்டாவது அடிக்கு வருவதற்குள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எந்தப் பாட்டும்மா இது? புதுசா?"

சொன்னேன். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அதுவா? அத நான் எத்தினி கிறிஸ்டியன் கல்யாணத்துல வாசிச்சிருக்கேன், எனக்கே தெரியலியே." வலதுகையால் மட்டும் ராகத்தை வாசித்துக் காட்டினார். "இதானே?"

அதுதான். அக்கா, அதுதான் நீ. பத்து நாளாக நான் பாடியது ஆல்டோவை மட்டும். ராகத்தை நீ என் தலைக்குள் பாடிக்கொண்டிருந்தாய். எனக்கு முழுசாகக் கேட்ட பாட்டு, கீரை ஆய்கிற அம்மாவுக்கும் இந்த ஹாலுக்கும் முனகலாகக் கேட்டிருக்கிறது.

"பரவால்ல, டென்ஷன் ஆவாதீங்க. கீபோர்டு கூடவே பாடுங்க," என்றார் ஜெபராஜ் சார். பாடினேன். இரண்டு வார்த்தை ராகத்தில் நின்றேன். மூன்றாவது வார்த்தையில் குரல் தானாகக் கீழே இறங்கிவிட்டது. மறுபடி எடுத்தேன். மறுபடி இறங்கியது. படிக்கட்டில் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் கால் வைத்தால் இல்லாமல் போகுமே, அப்படி.

அப்போது வளவனூர்ப் பெண் ஒருத்தி எழுந்து வந்தாள். ஷைனி என்று பேர், நர்ஸ். இருபத்தைந்து இருபத்தாறு இருக்கும். அவளும் மார்த்தாளுக்காக வந்தவள்தான்.

"அக்கா, நீங்க ஆல்டோதானே? நீங்க உங்களுதையே பாடுங்க. நான் மேல எடுக்கறேன்."

என்னை அக்கா என்றாள். அந்த ஹாலுக்குள் நான் தங்கச்சியாக மட்டும்தான் இருந்திருக்கிறேன்.

பாடினோம். பொருந்திவிட்டது, ரூபிக்கா. இதைத்தான் அம்மாவிடம் சொல்லவில்லை. பொருந்தாமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் குரல் உன் குரல் மாதிரிகூட இல்லை. கொஞ்சம் கூர்மை, மூச்சு நீளம். ஆனாலும் என் குரல் எந்தக் கூச்சமும் இல்லாமல் அவளுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. மணிக்கட்டை யாரும் அழுத்தவில்லை. சரியான இடத்தில் தொடங்கினேன். "அட, இப்பல்ல தெரியுது!" என்று முனுசாமி துள்ளிக்கொண்டு வாசித்தார். முடித்ததும் கைதட்டினார்கள். உன் துணியை எடுத்து வேறு ஒருத்திக்குக் கட்டிவிட்டு, நல்லா இருக்குது என்று நானே சொன்னது போல இருந்தது. யார் கண்ணையும் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பஸ் நிறுத்தத்தில் மாமா நின்றிருந்தார். ஜெபராஜ் சார் போன் பண்ணிச் சொல்லியிருப்பார் போல. இளைத்துவிட்டார். சட்டையில் ஒரு பட்டன் இல்லை. வேகவைத்த மல்லாட்டைப் பொட்டலம் ஒன்றை நீட்டினார்.

"சாப்ட்டியா?"

"ஆச்சி மாமா."

"பாடினியாமே."

"சரியா வரல."

"ம்." ரோட்டையே பார்த்தார். "அவ இருந்திருந்தா கூட வந்திருப்பா."

கேளுங்க மாமா, இப்பவாவது கேளுங்க என்று உள்ளுக்குள் நூறு தடவை சொல்லிக்கொண்டேன். கடைசியில் நானே தொடங்கினேன். "மாமா, அன்னிக்கி அக்கா எனக்கு மூணு தடவ..."

"பஸ்ஸு எடுக்கறான் பாரு. ஏறு ஏறு, ஜல்தி," என்றார். பஸ் அப்போதுதான் வந்து நின்றிருந்தது. டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போய்க்கொண்டிருந்தார்.

ஏறி உட்கார்ந்தேன். பஸ் கிளம்பும்வரை மாமா ஜன்னலுக்குக் கீழேயே நின்றார். தெரிந்துதான் கேட்காமல் இருக்கிறார் என்பது அன்றைக்கு உறுதியானது. அது இரக்கமா, தண்டனையா? விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டும்வரை யோசித்தேன். வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

அந்த ராத்திரியிலிருந்து போனில் உன் குரலைத் தேடுகிறேன். கிறிஸ்துமஸ் ஆராதனையில் எடுத்த ரெக்கார்டிங் ஒன்றுதான் இருக்கிறது. போனைப் பிடித்திருந்தது நான். அதனால் அதில் என் குரல்தான் பெரிசாகக் கேட்கிறது. உன்னுடையது எங்கேயோ தூரத்தில், ஃபேன் சத்தத்துக்குப் பின்னால். ராகத்தை அதிலிருந்து எடுக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஜெபராஜ் சார் கூப்பிட்டார்.

"மார்த்தாள் ஷைனிக்குக் குடுத்துட்டோம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. துக்கம் விசாரிக்க வர்ற பொம்பளைங்க கூட்டம் ஒண்ணு இருக்குது. அதுல ஆல்டோவுக்கு ஆளே இல்ல. நீங்க வந்தா அந்தப் பாட்டு நிக்கும்."

"அந்தப் பாட்டுன்னா எது சார்?"

"அதான், மார்த்தாள் கேக்கற பாட்டு. அவ மேல கேப்பா, கூட்டம் கீழ அதையே பாடணும்."

வருகிறேன் என்றேன். வரமாட்டேன் என்று சொல்லவும் ஒரு தெம்பு வேண்டுமே.

வருகிற சனிக்கிழமையிலிருந்து ஒத்திகை. நீ ஏன் வரவில்லை என்று ஷைனி பாடுவாள். அதே வார்த்தைகளை நான் அவளுக்குக் கீழே, துக்கம் விசாரிக்க வந்தவளாக நின்று பாடுவேன். கேட்க வேண்டியவளும் நான் இல்லை, பதில் சொல்லக் கூப்பிடப்போவதும் என்னை இல்லை. ஒவ்வொரு ஒத்திகையிலும் கல்லறை திறக்கும். லைன்மேன் துணியோடு எழுந்து வந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, டீ வந்திச்சா என்று கேட்பார். எங்கள் கூட்டம் ஆச்சரியப்பட வேண்டுமாம். அதற்கும் பழக்குவார்கள்.

இதனால் மனசு ஆறும் என்று நான் நினைக்கவில்லை. உனக்கு அப்படி எழுதினால் அது பொய்.

ஒன்றே ஒன்று மட்டும் சொல்கிறேன், பிடித்துக்கொள். மற்ற பாட்டெல்லாம் யாருக்குக் கீழேயும் பாடுவேன். மாலை ஆராதனைப் பாட்டை மட்டும் இனி யாரோடும் பாடமாட்டேன். ஒரு தடவை கொடுத்துவிட்டேன், அதை மன்னித்துவிடு. இனி அது சமையலறையில், அம்மா முகத்தைச் சுளிக்கச் சுளிக்க, தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல்தான் இருக்கும். மேல் குரலுக்கான இடத்தைக் காலியாகவே வைத்திருப்பேன். போன் இப்போது சைலன்ட்டில் இல்லை.

இன்னும் உனக்குக் கீழேயே பாடிக்கொண்டிருக்கும்
உன் தங்கச்சி
லில்லி