தலையாட்டும் ஆண் பாம்பு

டிசம்பர் 9, செவ்வாய், தாராவி.

குளிர் தொடங்கிவிட்டது. பந்து மாதிரிச் சுருண்டுகொள்ளும் பால் பைத்தான் மலைப்பாம்புகளுக்கு ஜோடி சேர்க்கும் வேலை இன்றே முடிந்திருக்க வேண்டும். எட்டாவது பெட்டியின் பெண்ணுக்கு மட்டும் எந்த ஆணை விடுவது என்று இழுத்துக்கொண்டே போனது.

நான் நினைத்திருந்தது ஸ்பைடர் ஆணை. உடம்பெல்லாம் சிலந்தி வலை மாதிரி கறுப்புக் கோடு. அந்தக் கோடு விழுந்த குட்டிகளுக்குத்தான் கிராக்கி. ஆனால் கோட்டோடு தலைநடுக்கமும் சேர்ந்தே வரும். ஒன்றை விட்டு ஒன்றைப் பிரிக்க முடியாது.

பெட்டி கழுவிக்கொண்டிருந்த என் மனைவி செல்வி, "எலியப் புடிக்கப் போனா தரையில போயி முட்டுது. இதுக்குப் பிள்ளைங்க வேற வேணுமாக்கும்?" என்றாள்.

"யாவாரத்தப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?" என்று கத்திவிட்டு ஆணைக் கையில் எடுத்தேன்.

அப்போது செம்பூர் டீச்சர் போன் செய்தார். போன வருடம் இதன் குட்டியை வாங்கியவர். நடுக்கத்தை அவரிடம் நான் சொல்லவே இல்லை. திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"அண்ணா, நம்ம பாம்பு பாட்டு போட்டா தலைய ஆட்டுது! வீட்ல எல்லாருக்கும் ஒரே குஷி. இதே மாதிரி ஆடுறது இன்னொண்ணு கிடைக்குமா?"

"பாக்கேன் மேடம்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஆணை அதன் பெட்டியிலேயே திரும்ப விட்டேன். எட்டாவதுக்கு ஒரு சாதாரண ஆண். அது தீர்ந்தது.

பாட்டை நிறுத்திப் பாருங்கள், அப்போதும் ஆடும் என்று டீச்சரிடம் இன்னும் சொல்லவில்லை.