ரெட்டைக்கல் வீட்டு விலாசம்

4-2-1938, வெள்ளி

முழங்கால் வலி. வீட்டிலிருந்து கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு இடத்தில் நின்றேன். தேனி பஜாரில் சும்மா நிற்க முடியாது. எந்தக் கடை வாசலில் நின்றாலும் அந்தக் கடைக்காரனிடம் நலம் விசாரித்தாக வேண்டும். அதற்கு வலியே தேவலாம்.

இன்று ஒரு தையல் மிஷின் விற்றது. வாங்கியவள் சின்னமனூர் முத்துப்பேச்சி. துணைக்கு ஓடைப்பட்டியிலிருந்து அவள் அண்ணன் சீனிச்சாமி வந்திருந்தான். மிஷின் வாங்கினவர்கள் வீட்டுக்கு எங்கள் ஆள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் எண்ணெய் போட்டு, சக்கரத்து வார்ப்பட்டையைப் பார்த்துவிட்டு வருவான். அதற்கு விலாசம் எழுதி வைப்பது என் வேலை. கிராமத்தில் வீட்டுக்கு ஏது நம்பர்? தெருப்பெயர் சொன்னால் அந்தத் தெருவில் நாலு முத்துப்பேச்சி இருப்பார்கள். அதனால் துருவித் துருவிக் கேட்பேன். அவளுக்கு எழுதியது இது:

"முத்துப்பேச்சி, சின்னமனூர், வடக்குத் தெரு, ரெட்டைக்கல் வீடு. புருஷன் கர்ணன், மேகமலை தேயிலை எஸ்டேட்டில் கங்காணி. மாதக் கடைசிச் சனிக்கிழமைதான் மலையிலிருந்து இறங்குவார். மற்ற நாளில் வீட்டில் ஆண்கள் இல்லை. ஆறு வயதுப் பெண் குழந்தை உண்டு. உச்சிப்பொழுதில் போனால் ஆள் இருக்கும்."

ரெட்டைக்கல் வீடு என்பது நானே வைத்த பெயர். வாசலில் மாடு கட்டுகிற கல் இரண்டு நிற்கிறது என்றாள், வைத்துவிட்டேன். "எங்க ஊர்ல ஒருத்தரும் அப்பிடிச் சொல்லமாட்டாகளே" என்று சிரித்தாள். முதலாளி ஞானதுரை வாசித்துப் பார்த்து, "நம்ம ரைட்டரு எழுதின அட்ரஸ் இருந்தா கண்ணு தெரியாதவன்கூடப் போயிச் சேந்துருவான்" என்றார். உள்ளதைச் சொன்னால் என்ன, அந்த ஒரு பேச்சில் வலி பாதி குறைந்தது.

22-2-1938

இரண்டு மிஷினுக்குப் பட்டை மாற்றல். வேறொன்றும் இல்லை. வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது.

8-3-1938, செவ்வாய்

எண்ணெய் போடப் போகிற பொன்னுராஜ் இன்று என் பக்கத்தில் உட்கார்ந்து விலாசப் புத்தகத்திலிருந்து ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். முதலாளியின் அக்காள் மகன். தலைக்கு வாசனை எண்ணெயும், சட்டைப் பையில் ஒரு பேனாவும் உண்டு. வேலையில்தான் கொஞ்சம் தூக்கம்.

"என்னடா எழுதுற?"

"எங்கெங்க போகணும்னு குறிச்சுக்கிறேன் ரைட்டரய்யா. உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கு."

பையனுக்கு அக்கறை வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். எந்த ஊரில் எந்த வீடு என்று அவன் கேட்டதற்கெல்லாம் சொல்லியும் கொடுத்தேன்.

24-3-1938, வியாழன்

கஸ்தூரியம்மாள் கடைக்கு வந்தார். போன வருஷம் மிஷின் வாங்கிய போடிக்காரர். வாசலில் நின்றே பேசினார். பஜார் முழுக்கக் கேட்டிருக்கும்.

"மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல. உங்க ஆளுகிட்டதான் கோளாறு. மாசத்துல மூணு தடவை எண்ணெய் போட வாரான். இப்ப எம் மகளுக்குக் காயிதம் வேற போடுறான். எவன் குடுத்தான் அவனுக்கு எம் மக பேரை?"

முதலாளி அவரைச் சமாதானப்படுத்தி ஒரு டப்பா ஊசி கொடுத்து அனுப்பினார். பிறகு என்னைப் பார்த்து, "எளவட்டப் பய. கல்யாணம் பண்ணி வச்சா சரியாப் போயிரும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன்? அந்த மகள் பெயரை எழுதியது நான். 'மகள் பூரணம், பதினெட்டு, இன்னும் கட்டிக் கொடுக்கவில்லை, தாயார் வெளியே போனாலும் அவள் வீட்டில் இருப்பாள்.' என் முத்து முத்தான கையெழுத்து.

18-4-1938, திங்கள்

இன்று நடந்ததை எழுதவே கை கூசுகிறது.

சீனிச்சாமி வந்தான். கையில் ஒரு கவர். தங்கைக்கு வந்தது. சித்திரைப் பிறப்புக்காக வழக்கமில்லாத நாளில் மலையிலிருந்து இறங்கிய கர்ணனிடம் தபால்காரர் அதைக் கொடுத்திருக்கிறார். உள்ளே நாலு வரி. "உங்கள் வீட்டுக்காரர் கடைசிச் சனிக்கிழமைதான் வருவார் என்று எனக்குத் தெரியும். மற்ற நாளில் உச்சிப்பொழுதில் வரலாமா?" பெயர் போடவில்லை.

புருஷன் எப்போது இறங்குவார் என்பது எவனுக்கோ தெரிந்திருக்கிறதென்றால், பெண்டாட்டி வாயிலிருந்துதானே போயிருக்க வேண்டும்? கர்ணன் அதைத்தான் கேட்டிருக்கிறார். தையல் மிஷின் கடையில் சொன்னேன் என்றாளாம் அவள். மிஷின் கடைக்கு எதற்கு அந்தச் சேதி என்று கேட்டு, மறுநாளே அவளை ஓடைப்பட்டியில் அண்ணன் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார். குழந்தையைத் தன் தாயாரிடம் வைத்துக்கொண்டார்.

"இங்கனதான் அட்ரஸ் குடுத்தோம். உங்க கடை ஆளு யாருமா இருக்குமா ரைட்டரய்யா?"

கவரைப் பார்த்தேன். 'ரெட்டைக்கல் வீடு' என்று இருந்தது. உலகத்திலேயே அந்த வீட்டுக்கு அப்படி ஒரு பெயர் என் புத்தகத்தில் மட்டும்தான் உண்டு.

முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பொன்னுராஜ் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றான்.

"தெரியலையேப்பா" என்றேன்.

சொல்லிட்டேன். அம்புட்டுத்தான். அவனும் கும்பிட்டுட்டுப் போயிட்டான். கும்பிட்டுட்டு!

19-4-1938

முதலாளி கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். "பழைய புத்தகம் வேண்டாம். பேரு, ஊரு மட்டும் வச்சுப் புதுசு ஒண்ணு எழுதிரும். அந்தச் சின்னமனூர்ப் பக்கத்தைக் கிழிச்சு அடுப்புல போட்டுரும். அவன் எங்க அக்கா மகன். உமக்கும் அம்பத்திரண்டு ஆச்சு பலவேசம், இனிமே எங்கன போயி வேலை தேடுவீரு?"

கிழித்தேன். அடுப்பில் போடவில்லை. ஏன் என்று எனக்கே தெரியாது. பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறேன்.

என் மனைவி முருகம்மாளிடம் சொன்னேன். ஆறுதல் சொல்லுவாள் என்று நினைத்தது என் தப்பு. "ஊரான் வீட்டுப் பொம்பள எந்நேரம் தனியா இருப்பான்னு எழுதி வச்சுட்டு, அதுக்குப் பேரு விலாசமா? என்னைப் பத்தி எங்கன என்ன எழுதி வச்சிருக்கீக?" என்றாள். ரசம் கேட்டேன். சட்டியைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

30-4-1938, சனி

மாதக் கடைசிச் சனி. கர்ணன் இறங்கியிருப்பார். சின்னமனூர் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று பத்து நாளாக நினைத்திருந்தேன். போகவில்லை. முருகம்மாளிடம் முழங்கால் என்று சொன்னேன்.

முழங்கால் இன்று நன்றாகத்தான் இருந்தது.

11-5-1938

புதுப் புத்தகம் எழுதி முடித்தேன். பெயர், ஊர். பெயர், ஊர். முந்நூற்றுப் பதினேழு பேர். பொன்னுராஜ் தன் சின்ன நோட்டைக் கிழித்துவிட்டதாக முதலாளி சொல்கிறார். பார்த்தவர் யார்?

23-5-1938, திங்கள்

முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரத்தில் முத்துப்பேச்சியே வந்துவிட்டாள். ஆள் இளைத்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நான் உங்ககிட்டத்தான சொன்னேன்?"

"என்கிட்டத்தாம்மா."

"நானாவா சொன்னேன்? நீங்க கேட்டீக. எப்ப ஆளு இருக்கும், யாரு யாரு இருக்காகன்னு ஒண்ணொண்ணா நீங்கதான கேட்டீக? வயசுல பெரியவரு, கடைக்கு வேணும்போலன்னு சொன்னேன். அதை மட்டும் அவருகிட்ட வந்து சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம். எம் மகளைப் பாத்து நாப்பது நாளாச்சு."

அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன். வருகிற சனிக்கிழமை போகிறேன் என்று சொல்லிவிட்டேன். நம்பினாளா தெரியவில்லை. நானே நம்பவில்லை.

28-5-1938, சனி

போனேன்.

பஸ்ஸில் நிற்கத்தான் இடம். சின்னமனூரில் இறங்கி யாரிடமும் வழி கேட்கவில்லை. வடக்குத் தெருவில் இரண்டு கல்லைப் பார்த்ததும் நேரே போய் நின்றுவிட்டேன். முதலாளி சொன்னது சரிதான், கண் தெரியாதவனும் போய்ச் சேர்ந்துவிடலாம்.

கர்ணன் அதிகம் பேசாத மனிதர். கங்காணி என்றதும் மிரட்டுகிற ஆளாக நினைத்திருந்தேன். பஞ்சாங்கத்துக்குள் வைத்திருந்த பக்கத்தை நீட்டினேன். இருமுறை வாசித்தார். பிறகு சீனிச்சாமி திருப்பிக் கொடுத்திருந்த கவரைக் கொண்டுவந்து அதன் அருகில் வைத்து ஒப்பிட்டார்.

"எழுதினது நீரா?"

"நான்தான். காயிதம் போட்டவன் எங்க கடை ஆளு, பொன்னுராஜ். என் புத்தகத்தைப் பாத்துப் போட்டிருக்கான். ஒங்க சம்சாரத்துக்கு அவன் யாருன்னே தெரியாது."

"எண்ணெய் போட வாரவனுக்கு, நான் எந்தச் சனிக்கெழமை எறங்குவேன்னு எதுக்குய்யா?"

"போறவன் வீணா நடக்கக்கூடாதுன்னுதான்..." என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. குழந்தை கதவுக்குப் பின்னால் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒரு மாசத்துக்கு முந்தி வந்திருந்தா..." என்றார். அவரும் முடிக்கவில்லை. பக்கத்தைத் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். திரும்பி வரும்போது நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. களைப்புத்தான்.

30-5-1938, திங்கள்

கர்ணன் கடைக்கு வந்து அந்தப் பக்கத்தை முதலாளி மேசையில் வைத்தார். சத்தம் போடவில்லை. "இது உங்க கடைச் சரக்குத்தான?" என்று மட்டும் கேட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பொன்னுராஜை விருதுநகரில் சித்தப்பா கடைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேயும் தையல் மிஷின்தானாம். என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

12-6-1938

வேலை இல்லை. முருகம்மாள் கோபமாக இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

3-7-1938

பஸ் கம்பெனியில் பார்சல் எழுத ஆள் வேண்டுமாம். நாளை முதல் போகிறேன். உட்கார்ந்து பார்க்கிற வேலை. முழங்காலுக்கு நல்லது.

9-9-1938, வெள்ளி

காலையில் தூறல். பார்சல் கொஞ்சம்.

பதினொரு மணிக்கு சீனிச்சாமி ஒரு துணி மூட்டையோடு வந்து நின்றான். என்னை அங்கே எதிர்பார்க்கவில்லை. ஏப்ரல் மாதம் 'தெரியலையேப்பா' என்றவன் முகம் அவனுக்கு மறந்திருக்காது. ஆனாலும் நின்று பேசினான்.

மூட்டை தங்கைக்கு; அவனுக்குத் தேனியில் வேலை இருந்தது, சாயங்காலம்தான் ஊர் திரும்புவானாம், அதுவரை அதைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்றான். ஓடைப்பட்டியிலேயே ரவிக்கை தைக்கிறாளாம். கர்ணன் போய்க் கூப்பிட்டிருக்கிறார். அவள் போகவில்லை. "மொதல்ல எம் மகளும் மிஷினும் இங்கன வரட்டும். நான் வர்றதைப் பெறகு பாக்கலாம்" என்று சொல்லிவிட்டாளாம். இரண்டும் வந்துவிட்டன. இப்போது கர்ணன் வாராவாரம் மலையிலிருந்து இறங்கி ஓடைப்பட்டிக்கு வந்து, பெண்டாட்டி கண்ணில் படுகிற மாதிரி உட்கார்ந்துவிட்டுப் போகிறாராம். "இன்னும் சோறு போட்டதில்ல. காப்பித் தண்ணி வரைக்கும் வந்திருக்கு" என்று சீனிச்சாமி சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

பேசிக்கொண்டே சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். முத்துப்பேச்சி, ஓடைப்பட்டி. பேனா நிற்காமல், "எந்தத் தெரு? வீட்டுக்கு அடையாளம் என்ன? பார்சலை வாங்கிக்க எந்நேரம் ஆளு இருக்கும்?" என்று கேட்டுவிட்டேன். இருபது வருஷத்துப் பழக்கம். வாய் தானாகக் கேட்டது.

சீனிச்சாமியின் சிரிப்பு நின்றது. சீட்டை என் கையிலிருந்து மெதுவாக உருவி, தங்கையின் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரைத் தானே எழுதினான்.

"பஸ் நிக்கிற எடத்துலயே கெடக்கட்டும், சாயங்காலம் நானே வாங்கிக்கிடுறேன் ரைட்டரய்யா" என்றான்.

மூட்டை பன்னிரண்டு மணி பஸ்ஸில் போயிற்று.